பிரெஸ்ஸானின் 'லார்ஜான்' படத்தைப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பள்ளி மாணவன் கைமாற்றாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் ஒரு கள்ள நோட்டை மாற்றுகிறான். அவன் யாரென்றே அறியாத ஒரு தொழிலாளி, கடைசியில் கோடரியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். நடுவில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ராபர்ட் பிரெஸ்ஸான் 1983-ல் எடுத்த பிரெஞ்சுப் படமான 'லார்ஜான்' இவ்வளவுதான். தலைப்புக்குப் 'பணம்' என்று பொருள்.

உலக சினிமாப் பட்டியல்களில் பெயரைப் பார்த்து ஆசையாகத் தொடங்குகிறவர்கள் பலர் கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். யாரும் கதறுவதில்லை, பின்னணி இசை இல்லை, வசனத்தை எல்லோரும் ஒப்பிப்பது போலச் சொல்கிறார்கள். 'என்ன இது, ஒருத்தரும் நடிக்கவே இல்லையே' என்று தோன்றும். பழகிய கண்ணோடு பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இந்தப் படத்தில் ஆளைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு நோட்டைப் பின்தொடர வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு வரவிருந்த சின்ன நஷ்டத்தைத் தன்னைவிட எளியவர் தலையில் கட்டுகிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு அதைத் தள்ளிவிட ஆளில்லை. அப்புறம் நடப்பதுதான் படத்தின் பின்பாதி.

படி 1: கதையைத் தெரிந்துகொண்டே உட்காருங்கள்

சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம். பிரெஸ்ஸானுக்கு அதில் அக்கறையே இல்லை. கதையை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் அவர் எதைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார் என்பது கண்ணில் படும்.

நார்பேர் பாரிஸில் வசதியான வீட்டுப் பிள்ளை. அப்பாவிடம் மாதச் செலவுக் காசு வாங்குகிறான், போதவில்லை என்கிறான், அப்பா மறுக்கிறார். அம்மாவும் கைவிரிக்கிறாள். நண்பன் ஒருவன் 500 பிராங்க் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கள்ள நோட்டு ஒன்றைக் காட்டுகிறான். இருவரும் ஒரு போட்டோ சாமான் கடைக்குப் போய் மலிவான படச்சட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையோடு கிளம்புகிறார்கள். கடைக்காரருக்கு விஷயம் தெரிய வருகிறது. கடையில் சேர்ந்திருந்த கள்ள நோட்டுகளை, வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் ஊற்ற வருகிற இவோன் என்ற தொழிலாளிக்குக் கூலிக் கணக்கில் கொடுத்துவிடுகிறார். இவோன் அதை உணவகத்தில் நீட்ட, மாட்டிக்கொள்கிறான். கடை ஊழியன் லூசியன், 'இவரை நான் பார்த்ததே இல்லை' என்று பொய் சொல்கிறான். நீதிமன்றம் இவோனைச் சிறைக்கு அனுப்பவில்லை, கண்டித்து விட்டுவிடுகிறது. ஆனால் வேலை போய்விடுகிறது. காசுக்காக ஒரு வங்கிக் கொள்ளையில் கார் ஓட்டப் போகிறான், பிடிபடுகிறான், மூன்று வருடச் சிறை. உள்ளே இருக்கும்போது மகள் நோயில் இறந்துபோகிறாள், மனைவி எலீஸ் விலகிவிடுகிறாள். வெளியே வந்ததும் தங்கிய விடுதியின் உரிமையாளர்களைக் கொன்று கல்லாவைக் காலி செய்கிறான். பிறகு, தனக்குச் சோறு போட்டு இடம் கொடுத்த ஒரு நரைத்த தலைப் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் கொல்கிறான். கடைசியில் காவலர்களிடம் தானே போய் ஒப்புக்கொள்கிறான்.

படி 2: எடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம்

நிறைய வேண்டாம். பிரெஸ்ஸான் 1901-ல் பிறந்தவர், ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். முழுநீளப் படங்கள் மொத்தம் 13, அதில் இது கடைசி. 80 வயதைத் தாண்டியவர் எடுத்த படம் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெட்டு ஒவ்வொன்றும் அத்தனை வேகம்.

தொழில்முறை நடிகர்களை அவர் ஒதுக்கிவிட்டார். தேர்ந்தெடுத்தவர்களை 'மாடல்' என்றுதான் அழைப்பார். ஒரே வரியை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, அதில் ஒட்டியிருக்கும் பாவனையெல்லாம் உதிர்ந்த பிறகுதான் ஏற்றுக்கொள்வார். ஆகவே இவோனாக வரும் கிறிஸ்டியான் பாதே உணர்ச்சி காட்டாமல் நிற்பது அவருடைய குறை அல்ல. அழ வேண்டிய வேலையை அவரிடமிருந்து பிரெஸ்ஸான் பிடுங்கி வேறு இடத்தில் வைத்திருக்கிறார். எங்கே என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இந்தப் படமும் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் படமும் ஒரு விருதைப் பகிர்ந்துகொண்டன. மேடையில் கொடுத்தவர் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ். பிரெஸ்ஸான் மேடையேறியபோது கைதட்டலோடு கூச்சலும் எழுந்தது. படம் பிடிக்காமல் போனால் நீங்கள் மட்டும் தனி ஆள் இல்லை, கவலைப்படாதீர்கள்.

படி 3: நோட்டு கை மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. முடிந்தால் ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகக் காட்சி வரை, காசு அல்லது காசுக்குச் சமமான ஏதாவது கை மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேளுங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு? இந்த இடத்தில் விஷயம் நின்றுபோயிருக்க என்ன செலவாகியிருக்கும்?

அப்பாவிடம் தொடங்குங்கள். மேசையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கிறார். இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால், அல்லது 'யாருக்குக் கடன்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படமே இல்லை. அடுத்து நார்பேர். தன் கைக்கடிகாரத்தை நண்பனிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறான், அதாவது அதுவரை நேர்மையாகத்தான் வழி தேடுகிறான். அடுத்து கடைக்காரப் பெண். நோட்டின் மேல் அவளுக்குச் சந்தேகம் வருகிறது, ஆனாலும் வாங்கிவிடுகிறாள். கணவர் திட்டும்போது, 'நீங்களும்தானே ஏமாந்தீர்கள்' என்று திருப்பிக் கேட்கிறாள். அவர் உடனே முடிவெடுக்கிறார்: போலீசுக்கும் போகப் போவதில்லை, நஷ்டத்தையும் ஏற்கப் போவதில்லை, வாசலில் வந்து நிற்கிற எண்ணெய்க்காரனிடம் தள்ளிவிடலாம். லூசியனுக்குப் பொய்ச்சாட்சிக்கு முன் நல்ல உடை வாங்கக் காசு கிடைக்கிறது. அதுவும் ஒரு கைமாறல்தான், எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நார்பேரின் அம்மா கடைக்கு வந்து ஓர் உறையை நீட்டுவாள், மகன் பெயர் வெளியே வராமல் இருக்க. கடைக்காரப் பெண் வாங்கிக்கொள்வாள்.

உங்கள் தாளைப் பாருங்கள். இதுவரை ஒருவர்கூடப் பெரிய கெட்டவர் இல்லை. யாரும் கத்தி எடுக்கவில்லை. சட்டை கசங்காத, குரல் உயராத மனிதர்கள். கள்ள நோட்டு செய்த தீங்கைவிட, நல்ல நோட்டுகள் வாய்களை மூடி வைத்த தீங்கு பெரிது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும். உறையில் வந்த காசு அச்சுப் பிசகாத அசல் காசு.

ஒரு சின்னத் தகவல். அந்தக் காலத்து 500 பிராங்க் நோட்டில் இருந்த முகம் பிளேஸ் பாஸ்கலுடையது. 17-ம் நூற்றாண்டுக் கணித மேதை. மனிதன் தன் முயற்சியால் மட்டும் மீள முடியாது, கடவுளின் அருள் இறங்க வேண்டும் என்று நம்பிய ஜான்செனியப் பிரிவினர் பக்கம் நின்றவர். பிரெஸ்ஸானையும் விமர்சகர்கள் ஜான்செனியர் என்றே சொல்லி வந்தார்கள். பிரான்ஸ் வங்கி அச்சடித்த நோட்டு அது, இயக்குநரின் ஏற்பாடு அல்ல. ஆனால் அதைவிடப் பொருத்தமான முகத்தை யாராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

படி 4: முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

உணவகக் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். இவோன் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கிறான். பரிமாறுபவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, இது கள்ள நோட்டு என்கிறார். இவோன் கொடுக்கும் மற்ற நோட்டுகளும் அப்படியே. வார்த்தை தடிக்கிறது, அந்த ஆள் இவோனைப் பிடிக்கிறார், இவோன் தள்ளுகிறான். வேறு படமாக இருந்தால் கோபமான முகம் தெரியும். இங்கே தெரிவது தள்ளிய கை மட்டும். தள்ளி முடித்த பிறகும் அப்படியே விரிந்து நிற்கிறது, தான் செய்தது தனக்கே புரியாதது போல. அப்புறம் மேசை சாய்ந்து பாத்திரங்கள் விழுந்து உடைகிற சத்தம்.

இந்த ஒரு கையை நினைவில் வைத்துக்கொண்டால் படத்தின் மிச்சம் திறந்துகொள்ளும். இவோனுடைய வன்முறை இங்கேதான் பிறக்கிறது. அவன் திட்டமிடவில்லை. கை முந்திக்கொள்கிறது, மனம் பின்னால் வந்து பார்க்கிறது. சிறைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் ஒரு பெரிய கரண்டியை ஓங்கும்போதும் இதேதான். ஓங்கிய கரண்டி ஆள் மேல் விழுவதில்லை, தரையில் வீசப்பட்டுச் சறுக்கிக்கொண்டு போகிறது. அதற்கும் அவனுக்குத் தனிச்சிறை.

படி 5: ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்

ஸ்பீக்கர் சத்தம் போதாது. எழுத்து ஓடும்போதே ஒரு பண இயந்திரத்தின் கதவு மூடிக்கொள்ளும், பின்னால் தெருப் போக்குவரத்தின் இரைச்சல். இசைக்குப் பதிலாகப் படம் முழுவதும் கதவுகள், காலடிகள், சாவிகள், வண்டிகள்தான்.

தனிச்சிறையில் இவோன் உலோகக் குவளையைக் கல்தரையில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருப்பான். கேட்கப் பொறுக்காத சத்தம் அது. படி 2-ல் சொன்னேனே, அழும் வேலையை நடிகரிடமிருந்து பிடுங்கி வேறெங்கோ வைத்திருக்கிறார் என்று, இங்கே குவளை அந்த வேலையைச் செய்கிறது. முகத்தில் ஒன்றுமே இல்லாததால்தான் அந்தச் சத்தம் நம் மேல் நேராக விழுகிறது. ஒரு நடிகர் கதறியிருந்தால் அவருக்காகப் பாவப்பட்டுவிட்டு நாம் தப்பித்திருப்போம்.

இசை என்று வருவது ஒரே இடம். நரைத்த தலைப் பெண்ணின் அப்பா பியானோவில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையை வாசிக்கிறார். பக்கத்தில் வைத்த மதுக் கிண்ணம் விழுந்து உடைகிறது. அவ்வளவுதான், வாசிப்பு நின்றுவிடும்.

படி 6: காட்டாமல் விட்டவற்றை எண்ணுங்கள்

கொள்ளைக் காட்சியில் வங்கியின் உள்ளே நாம் போவதே இல்லை. வெளியே காரில் இவோனோடு காத்திருக்கிறோம், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. துரத்தலில் நமக்குக் கிடைப்பது பெடலை மிதிக்கும் கால், பின்பக்கக் கண்ணாடி, பிறகு மோதல். செலவைக் குறைக்கச் செய்ததாகத் தோன்றலாம், ஆனால் சாகசமாகத் தெரியக்கூடாது என்பதுதான் காரணம்.

மகளின் மரணம் ஒரு கடிதமாக வருகிறது. அதுவும் இவோனுக்கு முன்னால் சிறைக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அலுவலர்கள் கையில் போகிறது. அவனுடைய பெரிய இழப்பை அவனுக்கு முன்பே முன்பின் தெரியாத யாரோ படித்துவிடுகிறார்கள். விடுதிக் கொலையும் அப்படித்தான். இவோன் படியிறங்கி வருகிறான், கையைக் கழுவுகிறான், தொட்டித் தண்ணீர் சிவக்கிறது. இதிலிருந்துதான் நடந்ததை நாம் பின்னோக்கிப் புரிந்துகொள்கிறோம். கண் சிமிட்டினால் தவறிவிடும், ஆகவே இந்தப் பகுதியில் செல்போனைத் தொடாதீர்கள். வசனம் குறைவு என்பதால் சப்டைட்டில் படிப்பது சிரமமில்லை, கண்ணைப் படத்தில் வைக்கலாம்.

படி 7: லூசியனையும் இவோனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

முதல் முறை பார்க்கிறவர்கள் லூசியனை மறந்துவிடுவார்கள். மறக்கக்கூடாத ஆள். முதலாளிக்காகப் பொய் சொன்னவன், அந்த முதலாளியிடமிருந்தே தொழிலைக் கற்றுக்கொள்கிறான். சாமான்களில் விலையைக் கூட்டி எழுதி வித்தியாசத்தைப் பாக்கெட்டில் போடுகிறான், பிடிபடுகிறான். 'பொய் சொன்னால் தப்பில்லை என்று நீங்கள்தானே காட்டினீர்கள்' என்பது அவன் நியாயம். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட பிறகு கடைச் சாவியை வைத்துக்கொண்டு பெட்டகத்தைக் காலி செய்கிறான், பண இயந்திரத்தில் மற்றவர்கள் அட்டையைச் சிக்க வைத்துத் திருடுகிறான், அந்தக் காசில் தர்மமும் செய்கிறான்.

இவோனைக் கெடுத்தவன் லூசியன். இருவரும் ஒரே சிறையில் வந்து சேரும்போது, தப்பிக்க உதவுகிறேன் என்று கை நீட்டுகிறான். இவோன் அதை வாங்க மறுக்கிறான். மன்னிப்புக்கு இங்கே ஒரு வாய்ப்பு வந்தது, போய்விட்டது. லூசியனிடம் குற்ற உணர்வு இருக்கிறது, ஆனால் அதையும் காசாக மாற்றிச் செலவழித்துவிடலாம் என்று நினைக்கிறான். இவோனிடம் அது செலவாகாமல் உள்ளேயே கிடக்கிறது. எனக்கு இந்த இரண்டு பேரில் லூசியன்தான் அதிகம் பயமூட்டுகிறான், ஏனென்றால் அவன் கடைசிவரை தன்னை நல்லவன் என்றே நம்புகிறான்.

படி 8: கிராமத்து வீட்டில் மெதுவாகுங்கள்

பாரிஸ் முடிந்து ஊர்ப்புறம் வந்ததும் படம் மாறுகிறது. பச்சை, தண்ணீர், வெளிச்சம். தபால் நிலையத்தில் பணம் வாங்கிக்கொண்டு வரும் அந்தப் பெண்ணை இவோன் பின்தொடர்கிறான். அவள் துரத்தவில்லை, சோறு போடுகிறாள். கொலை செய்தேன் என்று சொல்கிறான், அதற்கும் துரத்தவில்லை. தான் கடவுளாக இருந்தால் எல்லோரையும் மன்னித்துவிடுவேன் என்கிறாள். அப்பா, தங்கை குடும்பம், நடக்க முடியாத பிள்ளை என்று வீட்டையே தாங்குகிறவள். துணி துவைக்கிறாள், உருளைக்கிழங்கு தோண்டுகிறாள். இவோன் மரத்திலிருந்து கொட்டை பறித்துக் கொடுக்கிறான், இருவரும் தின்கிறார்கள். படத்தில் காசு கேட்காமல் ஒன்றைக் கொடுத்து வாங்கும் இடம் இதுதான். படி 3-ல் வைத்த தாளை இங்கே மீண்டும் எடுங்கள்.

இவோனுக்குக் காபி எடுத்துப் போகும்போது அவள் அப்பா வழிமறித்து அறைகிறார். கேமரா கன்னத்தைப் பார்ப்பதில்லை, கிண்ணம் பிடித்த கையைப் பார்க்கிறது. அறை விழுந்த சத்தம், காபி தளும்பிக் கையில் வழிகிறது. அவள் கிண்ணத்தைக் கீழே போடவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நோட்டில் தொடங்கிய தள்ளிவிடல் இவளிடம் வந்து நிற்கிறது. தன் மேல் விழுந்ததை இவள் யார் தலையிலும் கட்டுவதில்லை.

அதனால்தான் அந்த இரவு தாங்க முடியாததாக இருக்கிறது. இவோன் விளக்கோடு வீட்டுக்குள் நுழைகிறான். கொலைகளைக் காட்டாமல், அறைக்கு அறை, படிக்குப் படி ஓடி முனகுகிற நாயைத்தான் பிரெஸ்ஸான் காட்டுகிறார். இவோன் கட்டில் அருகே வந்து கேட்பது ஒரே கேள்வி: பணம் எங்கே? அவள் பதில் சொல்வதில்லை. கோடரி சுழல்கிறது, சுவரில் ரத்தம், விளக்கு சாய்ந்து இருட்டு.

சமூகம் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்று முடித்துவிடுவது சுலபம். பாதி சரி. முழுக்கச் சரியென்று நான் நினைக்கவில்லை. சமூகம் தலையில் கட்டியதை இவோன் வாங்கியவன்தான், ஆனால் அந்தப் பெண்ணும் வாங்கியவள்தானே. அவள் வீட்டில் அவனுக்குக் கிடைக்காதது எதுவும் இல்லை, அந்தக் கேள்விக்கான பதிலைத் தவிர. பிரெஸ்ஸான் காரணம் சொல்ல மறுக்கிறார், நாமும் அவசரப்பட்டு அவனுக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கத் தேவையில்லை.

படி 9: கடைசிக் கூட்டத்தைக் கவனியுங்கள்

இவோன் ஒரு கடையில் உட்கார்ந்து ஏதோ குடிக்கிறான், எழுந்து போய்க் காவலர்களிடம் விடுதிக்காரர்களைக் கொன்றதையும் ஒரு குடும்பத்தையே கொன்றதையும் சொல்கிறான். பிரான்ஸ் 1981-ல் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. ஆகவே அவனுக்காகத் தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் காத்திருக்கவில்லை. அவனை வெளியே கூட்டிப் போகிறார்கள். வாசலில் கூடியவர்கள் அவன் போன திசையைப் பார்ப்பதில்லை. அவன் வந்த கதவுக்குள், காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் முடிகிறது. ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. பார்த்து முடித்ததும் விமர்சனம் தேடி ஓடாமல், நீங்களே ஒரு விளக்கம் எழுதிப் பாருங்கள்.

படி 10: பிறகு டால்ஸ்டாயைப் படியுங்கள்

படத்தின் மூலக்கதை, ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் கள்ளக் கூப்பன் பற்றிய குறுநாவல். கூப்பன் என்பது பணம் போலவே கை மாறிய ஒரு கடன் பத்திரச் சீட்டு. அவர் இறந்த பிறகு 1911-ல் வெளிவந்தது. அதில் இரண்டரை ரூபிள் கூப்பனில் ஒரு ஒன்றைச் சேர்த்துப் பன்னிரண்டரை ஆக்குகிறார்கள். எண்ணெய்க்காரனுக்குப் பதில் விறகு விற்கிற விவசாயி ஏமாறுகிறான். டால்ஸ்டாயிடம் தீமை பல பேர் வழியாகக் கிளை விட்டுப் பரவும், பிரெஸ்ஸான் அதை ஒரே ஆளின் மேல் குவித்துவிட்டார்.

முக்கியமான வித்தியாசம் வேறு. டால்ஸ்டாயின் கதை இரண்டு பகுதி. முதல் பகுதியில் தீமை கை மாறுகிறது. இரண்டாம் பகுதியில், ஸ்தெபான் என்ற கொலைகாரன் தான் கொன்ற ஒரு பெண்ணின் நினைவு விடாமல் துரத்தச் சரணடைகிறான், சிறையில் திருந்துகிறான், அவனிடமிருந்து நன்மை அதே போல ஆளுக்கு ஆள் பரவுகிறது. பிரெஸ்ஸான் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பகுதி முழுவதும் படத்தில் ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருக்கிறது: காவலர்கள் முன் இவோன் கொடுக்கும் வாக்குமூலம். விதை அதில் இருக்கிறது என்பவர்களும் உண்டு, கதவு அடைபட்டுவிட்டது என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல் இந்தப் படத்தில் ஒருவர் உண்மையைச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. ஆனால் குறுநாவலைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால் கட்சி மாறலாம். இரண்டாவது முறை பார்க்கும்போது படச்சட்டம் வாங்கும் காட்சியிலேயே வயிற்றைப் பிசையத் தொடங்கும், தயாராக இருங்கள்.